மாமா மறக்கவில்லை

அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் எனக்கும் மாமாவுக்கும் பேசிக்கொள்ள ஒன்றுமே இருக்கவில்லை. அவர் படாளம் பக்கம் கரும்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கல்பாக்கத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தேன். இரண்டு குடும்பமும் ஒரு தலைமுறைக்கு முன்னால் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள்தான். ஆனாலும் டவுன்ஷிப்பில் வேலை கிடைத்தவன் என்று என்னிடம் அவர் கொஞ்சம் தள்ளியே நின்றார். வார விடுமுறைக்கு நான் அங்கே போனால், சாப்பிட்டதும் எழுந்துபோய் லாரி டயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "ரேலி வருதாம். வர்றியா மச்சான்?" என்று கேட்டார். எனக்கு ரேலி என்றால் கட்சி ஊர்வலம்தான் தெரியும். அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து அச்சரப்பாக்கம் வரைக்கும் போன பிறகுதான் அது கார்கள் ஓடுகிற சமாச்சாரம் என்று புரிந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கதவில் நம்பர் ஒட்டிய கார்கள் மெட்ராஸிலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு வழியாக வரும். ஒவ்வொரு காரிலும் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு வழி சொல்வார். தார் ரோட்டில் எல்லோரையும்போல ஒழுங்காகத்தான் போவார்கள். இடையிடையே ஏரிக்கரை, சவுக்குத்தோப்பு, கரம்பு நிலம் என்று சில மண் பாதைகளை மற்ற வண்டிகள் வராமல் அடைத்து விட்டிருப்பார்கள். அங்கே மட்டும்தான் வேகம். மாமாவுக்கு அந்தப் பக்கத்துக் குறுக்குப்பாதைகள் எல்லாம் கரும்பு ஏற்றப் போய்ப் பழக்கம். ஓர் இடத்தில் நின்று ஏழெட்டு வண்டிகளைப் பார்த்துவிட்டு, வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் பைக்கை விட்டு, கார்கள் வந்து சேர்வதற்கு முன்னால் அடுத்த இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்.

வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார், இவன் பயந்து முன்னாடியே காலை எடுத்துட்டான், இவன் நல்லா வர்றான் என்று. எல்லாம் போன பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வளைவில் நடந்து போய், டயர் அறுத்துப்போன மண்ணைக் காலால் அமுக்கிப் பார்ப்பார். அந்த நேரத்தில் அவர் முகம் வேறு மாதிரி இருக்கும். அதிகம் பேசாத மனிதர், திரும்பி வரும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். அப்படித்தான் எனக்கு மாமா கிடைத்தார்.

ஏழெட்டு வருடம் இது நடந்தது. எப்போது ரேலி வந்தாலும் நான் லீவு போட்டுவிட்டாவது போய்விடுவேன்.

அதற்குள் சிங்கப்பெருமாள் கோயிலைச் சுற்றித் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. மாமா லாரியை விட்டுவிட்டு அங்கே ஒரு கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தார். வீட்டையும் அங்கேயே மாற்றிக்கொண்டார்கள். கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து மேனேஜராக வந்த ஒருவருக்கு இவருடைய ஓட்டம் பிடித்துப்போய், வேறு யாரையும் தன் காரில் உட்காரவிடவில்லை. அந்த மேனேஜரும் அவர் ஊரில் ரேலி ஓட்டியவராம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. இருந்தாலும் கையைக் காட்டிக் காட்டி வளைவுகளைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள் என்று மாமா சொல்லுவார்.

அப்புறம் அந்த மேனேஜருக்குப் புது கார் வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த மாதிரி வண்டியை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அதோடு வந்த தடிமனான கையேட்டை மாமா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். நான் ஒவ்வொரு வாரமும் நாலு பக்கம் படித்துத் தமிழில் சொல்வேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டோ, குழம்புக்கு அரைத்துக்கொண்டோ கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு பக்கத்தில் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் என்று வந்தது. வளைவில் வண்டி சறுக்கப் பார்த்தால், டிரைவர் ஒன்றும் செய்யாமலே அது தெரிந்துகொண்டு, தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும், இஞ்சின் வேகத்தையும் குறைத்துவிடும். அதை நிறுத்திவைக்க ஒரு பட்டன் உண்டு. நிறுத்தினால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். சாவியைத் திருப்பி மறுபடி கிளப்பினால் தானாகவே வேலைக்கு வந்துவிடும்.

மாமா இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். "ஓட்றவன் கைய புடிச்சிக்கிற மாதிரி கீது," என்றார். தார் ரோட்டுக்குச் சரி, மண்ணுக்கு ஆகாது என்பது அவர் கணக்கு. மண்ணில் சக்கரம் கொஞ்சம் சுற்றத்தான் வேண்டும், சுற்றித்தான் பிடிமானம் தேடும், அதை நடுவில் போய் நிறுத்தினால் வண்டி எப்படி ஏறும் என்று கேட்டார். அந்தக் கையேட்டிலேயே நாலு வரி கீழே, சேற்றிலும் மணலிலும் மாட்டிக்கொண்டால் இதை நிறுத்தி வைக்கவும் என்று போட்டிருந்தது. அதை நான் அன்றைக்குப் படிக்கவில்லை. சாப்பாடு ஆயிற்று என்று அக்கா கூப்பிட்டதும் மூடி வைத்துவிட்டேன்.

அக்காவுக்கு அந்தப் பேச்சில் ஒன்று மட்டும் மனதில் தங்கிவிட்டது. விபத்தைத் தடுக்கிற பட்டன் ஒன்று இருக்கிறது, தன் புருஷன் அதை அணைத்துவிட்டு ஓட்டுகிறார். அடுத்த முறை நான் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தாள். "நீ கூட இருக்கும்போதாவது அது எரியாத பாத்துக்கோடா. எனக்காக," என்றாள். மஞ்சள் விளக்கைச் சொன்னாள். சரி என்றேன்.

அந்த வருடம் ரேலி வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின இரண்டு நாளும் மழை. மேனேஜரை ரேலி நடத்துகிறவர்கள் விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் அவர்களுடைய ஜீப்பில் போய்விட்டார். மாமாவைத் தன் காரை எடுத்துக்கொண்டு பின்னால் வரச் சொல்லி, சாயங்காலம் மாமல்லபுரத்தில் ரேலி முடியும் இடத்தில் வந்து ஏற்றிக்கொள்ளச் சொன்னார். மச்சானையும் கூட்டிவரலாமா என்று மாமா கேட்டதற்கு, தாராளமாக என்றாராம்.

பைக்கில் தொடர்ந்த ரேலியை இப்போது காரில் தொடர்ந்தோம். ஏசி ஓடியது. மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு இறங்கியதும் பட்டனை அமுக்கினார், மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்காவது நின்று வண்டியை அணைத்து மறுபடி எடுத்தபோதெல்லாம் முதல் வேலையாகக் கை அந்தப் பட்டனுக்குத்தான் போயிற்று. ஒரு தடவைகூடத் தவறவில்லை. இதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மதியத்துக்கு மேல், அடுத்த இடத்துக்குப் போக ஓர் ஏரிக்கரை மேல் ஏற வேண்டியிருந்தது. கரைக்கு ஏறுகிற பாதை சின்னதுதான், ஆனால் செங்குத்து. டிராக்டர்கள் ஏறி இறங்கி அதைக் குழப்பி வைத்திருந்தன. மாமா கீழேயே நிறுத்தினார். இஞ்சினை அணைக்காமல், ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏற்றத்தில் நடந்து போனார். வழக்கம்போல மண்ணைக் காலால் அமுக்கிப் பார்த்தார். எனக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

அந்த ஏற்றத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அக்கா சொன்னதும் ஞாபகம் வந்தது. பட்டனை அமுக்கினேன். மஞ்சள் விளக்கு அணைந்தது.

வந்து உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொண்டார். அவர் கண் ஏற்றத்தின் மேல்தான் இருந்தது, டேஷ்போர்டைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய தேவையும் இல்லை, வண்டியை அவர் அணைக்கவே இல்லையே. கொஞ்சம் பின்னால் எடுத்து, ஒரே வேகத்தில் விட்டார். பாதி ஏற்றத்தில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. உடனே இஞ்சின் சத்தம் தானாக அடங்கிவிட்டது. அவர் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தார். வண்டி முனகியதே தவிர எழும்பவில்லை. டேஷ்போர்டில் வண்டி சறுக்குவது போன்ற படம் மினுக் மினுக்கென்று வந்து போனது. அப்படியே நின்று, பிறகு பின்னால் சறுக்கத் தொடங்கியது. பிரேக் போட்டும் சேற்றில் நிற்கவில்லை. பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே இறங்கியது.

கீழே ஒரு பெண் நின்றிருந்தாள். மாட்டை அவிழ்த்துக்கொண்டு போக வந்தவள், இந்தப் பெரிய கார் எப்படி ஏறுகிறது என்று பார்க்க நின்றிருக்கிறாள். நாங்கள் ஏறும்போது அங்கே யாரும் இல்லை.

காரின் பின்பக்கம் அவளைத் தள்ளி, ஒரு கால் சக்கரத்தின் கீழ் போய்விட்டது. மாமா குதித்து இறங்கினார். நானும், கரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பேரும் வண்டியைத் தூக்கிப் பிடிக்க, அவர்தான் அவளை இழுத்து எடுத்தார். தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி அவள் காலில் கட்டினார். அதே காரில் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த ஓட்டத்தை நான் மறக்க முடியாது. ஒரு குலுக்கல் இல்லை, ஓர் அவசர பிரேக் இல்லை. பின்சீட்டில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அவர் பனியனோடு உட்கார்ந்து, மடியில் குழந்தையை வைத்திருப்பவர் மாதிரி ஓட்டினார். அவர் வண்டி ஓட்டி நான் பார்த்தது அதுவே கடைசி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். வெகு நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், கடைசியா நான் அந்த பட்டன அமுக்கினேனா?"

அமுக்கினீங்க மாமா, நான்தான் மறுபடி அமுக்கினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. உள்ளே அந்தப் பெண் கத்தும் சத்தம் கேட்டது.

"தெரில மாமா. கவனிக்கல," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "மறந்துட்டேன் போலகீது," என்றார்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். கால் மட்டும் குட்டையாகிவிட்டது, கம்பு ஊன்றித்தான் நடை. ஆஸ்பத்திரி, வழக்கு எல்லாவற்றையும் கம்பெனியே பார்த்துக்கொண்டது. மேனேஜர் கோபப்படவில்லை. சேற்றில் யாருக்கும் நடக்கும், பத்து நாள் லீவு எடுத்துக்கொண்டு வா என்றாராம். மாமா போகவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, மறந்துபோகிறவன் வண்டி ஓட்டக் கூடாது என்று யாரோ ஒருவர் மூலமாக அவருக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். பக்கத்திலேயே வேறொரு கம்பெனியில் அட்டைப்பெட்டி அடுக்குகிற வேலைக்குச் சேர்ந்தார். பைக்கையும் விற்றுவிட்டார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி அந்தப் பெண்ணைப் பார்க்கப் போவார். முதலில் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகப் போக, வந்தால் உட்காரச் சொல்வாளாம்.

நான் அக்காவிடம் சொல்லிவிட்டேன். விபத்து நடந்து ஒரு மாதம் இருக்கும். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். நான் சொல்லி முடிக்கும் வரை நிமிரவே இல்லை. அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். இத்தனை வருடத்தில் இப்போதுதான் அவர் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறார், இப்போதுதான் தனக்கு நிம்மதியாக இருக்கிறது, சொன்னால் மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடிக்கப் போய்விடுவார் என்றாள். நான்தானே உன்னை அப்படிச் செய்யச் சொன்னேன், என்னையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கப் போகிறாயா என்றும் கேட்டாள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அக்காவுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது.

முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சின்னச் சின்னதாக ஆரம்பித்தது. வேலைக்குக் கிளம்பி ரயில்வே கேட் வரை போனவர், பூட்டினோமா என்று திரும்பி வருவார். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார், மறுபடியும் வருவார். கேஸ் அடுப்பை அக்கா அணைத்த பிறகும் போய்க் குமிழைத் தொட்டுப் பார்ப்பார். சம்பளக் கவரை யாரிடமாவது கொடுத்து எண்ணச் சொல்லுவார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்து, தண்ணீர் மோட்டார் போட்டதை, நிறுத்தியதை, மாத்திரை சாப்பிட்டதை எழுதி வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். கம்பெனியில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்ததாகச் சொன்னார்.

நான் போகும்போதெல்லாம் அக்கா என்னைப் பார்க்காமலே சோறு போட்டாள். நிம்மதி என்று அவள் சொன்ன அந்தச் சாயங்காலங்களில், அவர் வீட்டுக்குள் ஒவ்வொரு ஸ்விட்சாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

நாலு வருடம் ஆனது. ஒருநாள் என் டவுன்ஷிப் வீட்டுக்கு போன் செய்தார், செங்கல்பட்டில் மறதிக்குப் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறாராம், கூட வர முடியுமா என்று. அக்காவுக்குத் தெரியவேண்டாம் என்றார்.

போனோம். டாக்டர் இளவயதுக்காரர், பொறுமையானவர். தேதி, கிழமை கேட்டார். அஞ்சு பொருள்களின் பெயரைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டு, அந்த அஞ்சையும் திரும்பக் கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார். மாமா ஒன்றில்கூடத் தவறவில்லை. எதற்காக இந்தச் சந்தேகம் என்று டாக்டர் கேட்டபோது, அந்த ஏற்றத்தில் நடந்ததை முழுவதும் சொன்னார். இறங்கி மண்ணைப் பார்த்தது, ஏறி உட்கார்ந்தது, எல்லாம் வரிசையாக. "அமுக்கின மாதிரியே ஞாபகம் கீது சார். ஆனா அமுக்கல. அப்ப என் ஞாபகத்த நான் எப்டி நம்பறது?" என்று கேட்டார். உங்களுக்கு ஒரு வியாதியும் இல்லை, வீண் கவலையை விடுங்கள் என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் வழியில் கொளவாய் ஏரி ஓரம் நின்றார். டாக்டருக்குச் சின்ன வயது, சரியாகப் பார்க்கவில்லை, மெட்ராஸ் போய்க் காட்டினால் தேவலை என்றார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அக்கா கேட்டுக்கொண்டது, விளக்கு அணைந்தது, வராந்தாவில் பொய் சொன்னது, எல்லாவற்றையும்.

அவர் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ரயில் போய் முடிந்தது.

"இஞ்சின் ஓடிக்கினுதான இருந்துச்சு?"

"ஆமா மாமா."

"அப்ப நான் அமுக்கிதான் வெச்சிருந்தேன்."

"ஆமா மாமா. நீங்க மறக்கல."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்த நோட்டை எடுத்தார், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார், திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

"நாலு வருசம் மச்சான்," என்றார். "என்னிய நானே சந்தேகப்பட்டுகினு இருந்தேன். நீயும் பாத்துகினு இருந்த. உங்க அக்காளும் பாத்துகினு இருந்தா."

அன்றைக்கு அவர் தனியாக பஸ் ஏறிப் போனார்.

அக்காவிடம் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன் என்று அக்கா பிற்பாடு சொன்னாள். பூட்டை இழுத்துப் பார்ப்பது நின்றுவிட்டது. அடுப்பைத் தொடுவதும் நின்றுவிட்டது. ஆனால் வீட்டில் பேச்சும் குறைந்துபோனது. சில மாதம் கழித்து லைசென்ஸைப் புதுப்பிக்கப் போயிருக்கிறார். அதற்குள் சர்க்கரை வந்து, ஒரு கண்ணில் பார்வை மங்கியிருந்தது. கனரக வண்டிக்குத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். லைசென்ஸைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, மறுநாள் பெட்டி அடுக்கப் போய்விட்டார்.

அந்தப் பெண்ணிடம் நீயே போய்ச் சொல் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார். போனேன். வாசலில் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். நிறுத்தாமல் உரித்துக்கொண்டே கேட்டாள். "அவுரு இதுக்கோசரம் எத்தினி தபா வந்து என் கால பாத்து அழுதுகிறாரு தெரியுமா?" என்றாள். நான் கொண்டுபோன பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

ரேலி அதற்குப் பிறகும் அந்தப் பக்கம் வந்ததாகக் கேள்விப்பட்டேன். நாங்கள் இரண்டு பேருமே போகவில்லை.

அடுத்த வருடம் நான் கடனில் ஒரு சின்ன கார் வாங்கினேன். அதில் அந்த மாதிரி பட்டன் எதுவும் கிடையாது. மாமா அதில் ஏறவே மாட்டார். கல்பாக்கத்துக்கு வந்தால் பஸ்ஸில் வருவார், பஸ்ஸில் போவார். ஒரே ஒரு தடவை, செங்கல்பட்டில் ஒரு கல்யாணம் முடிந்து வெளியே வந்தபோது மழை கொட்டியது. அக்கா கெஞ்சிக் கூத்தாடி அவரை ஏற்றினாள். முன்சீட் காலியாக இருந்தும் பின்னால்தான் உட்கார்ந்தார். சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் தண்ணீர் தேங்கிய இடங்களில் நான் பயந்து பயந்து ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம் அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் இறங்கிக் கதவைச் சாத்தப் போனவர், குனிந்து, "கிளச்சு மேல கால வெச்சிகினே ஓட்டாத. தேஞ்சிடும்," என்றார்.

சரி மாமா என்றேன். அவர் மழையில் நனைந்துகொண்டு உள்ளே போனார். அதன் பிறகு என் வண்டியில் அவர் ஏறவில்லை.